நான்கு சக்கர இயக்க வண்டியில் இழுப்பறை: தேர்வும் பொருத்தலும்

நான்கு சக்கர இயக்க வண்டியின் பின்புறத்தில் இழுப்பறை வைக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் எஃகா மரமா, ஒன்றா இரண்டா என்ற கேள்விகளோடுதான் கடைக்குப் போகிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அந்த வண்டி இன்னும் எத்தனை கிலோ தாங்கும் என்பதே. அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். தெரியாமல் வாங்கினால், எவ்வளவு நல்ல இழுப்பறையானாலும் வண்டிக்குச் சுமைதான்.

ஓட்டுநர் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ இருக்கும் தகட்டில், ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு வண்டியின் மொத்த எடை எவ்வளவு வரை போகலாம் என்ற உச்சவரம்பும், முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே தாங்கக்கூடிய அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். உச்சவரம்பிலிருந்து வெற்றெடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நம் கையிருப்பு. (சில நாடுகளின் வரையறையில் 75 கிலோ எடையுள்ள ஓட்டுநரையும் வெற்றெடைக்குள்ளேயே சேர்த்துவிடுவார்கள் என்பதால், எந்த வரையறை என்று கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.) உச்சவரம்பு 2,900 கிலோ, வெற்றெடை 2,250 கிலோ என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். கையிருப்பு 650 கிலோ. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். பெரியவர்கள் நால்வர் ஏறினால் 300 கிலோ போய்விடும். முன்பக்க எஃகுக் காப்பு 50, வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட உருளை) 30, கூரைச் சட்டம் 30, அதன்மேல் கூடாரம் 60, இரண்டாவது பேட்டரி 25 என்று சேர்த்தால் இன்னும் 195 போகும். மிஞ்சுவது 155. இதில் 80 கிலோ எடையுள்ள இரட்டை இழுப்பறையை ஏற்றினால் கையில் இருப்பது 75 கிலோ. நாற்பது லிட்டர் தண்ணீர் 40 கிலோ, சாமான் நிரப்பிய குளிர்பெட்டி ஒரு 40 கிலோ என்றால், அடுப்பும் அரிசியும் துணிமணியும் கருவிகளும் ஏறுவதற்கு முன்பே வண்டி வரம்பைத் தாண்டிவிட்டது.

பின் அச்சின் கணக்கு இதைவிடக் கறாரானது. இழுப்பறையும் அதற்குள் இருக்கும் சுமையும் பெரும்பாலும் பின் அச்சுக்குப் பின்னால்தான் அமர்கின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 70 செ.மீ. பின்னால் 100 கிலோவை வைத்தால், நெம்புகோல் விதிப்படி பின் அச்சின்மேல் ஏறுவது 100 அல்ல, 125 கிலோ. முன் அச்சிலிருந்து 25 கிலோ குறைந்துபோகும். பின்புறம் அமுங்குவதும், முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும், ஸ்டியரிங் லேசாகிவிட்டது போலத் தோன்றுவதும் இதனால்தான். கடினமான ஸ்பிரிங்குக்கு மாற்றினால் வண்டி மட்டமாக நிற்கும். ஆனால் அச்சும் பிரேக்கும் டயரும் தாங்கும் வரம்பு அதனால் ஒரு கிலோ கூட உயராது.

ஆகவே இருக்கும் வழிகளை ஒப்பிடும்போது எடையையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். எட்டும் தூரம், அதாவது ஒரு பொருளை எடுக்க எத்தனை பொருள்களை நகர்த்த வேண்டியிருக்கிறது என்பது, அடுத்த அளவுகோல். அழகும் விலையும் அதன்பின் வரட்டும்.

இழுப்பறை தேவைதானா?

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொள்வதுதான் மிகப் பழைய வழி, மிக இலகுவான வழியும் கூட. ஒரு வெற்றுப் பெட்டி இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் போகாது. வீட்டிலேயே நிரப்பி அப்படியே தூக்கி வைக்கலாம். பயணம் முடிந்ததும் இறக்கிவிட்டால் வண்டி பழையபடி காலியாகிவிடும். இழுப்பறையைப் பொருத்தியவர் ஆண்டில் சில வாரப் பயணத்துக்காக, மீதி நாளெல்லாம் அதைச் சுமந்துகொண்டு அலுவலகத்துக்கும் அங்காடிக்கும் போய்வருகிறார். எரிபொருளும் அதற்கேற்ப எரிகிறது.

இடத்தைப் பொறுத்தும் பெட்டிகளை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் 30 செ.மீ. உயரமும் உள்ள இரட்டை இழுப்பறைக் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பறை ஓடும் தடமான கனரகச் சேனல் ஒவ்வொன்றும் 19 மி.மீ. தடிமன், நான்கு சேனலுக்கு 76 மி.மீ. போய்விடும். கூட்டின் மூன்று நிறுத்துப் பலகைகளுக்கு 36, இழுப்பறைகளின் நான்கு பக்கப் பலகைகளுக்கு 48 என்று கூட்டினால், 1,000 மி.மீ. அகலத்தில் 160 மி.மீ. வெறும் கட்டுமானத்துக்கே செலவாகிறது. உயரத்திலும் அடிப்பலகை, மேல்பலகை, இழுப்பறையின் தளம், நடுவே விடும் இடைவெளி என்று ஐந்து செ.மீ. வரை இழக்கிறோம். மொத்தத்தில், வெளியளவில் வாங்கிய கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளே கிடைப்பதில்லை. விற்பனைப் பட்டியல்களில் வெளியளவைப் பெரிதாகப் போடும் வழக்கத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பெட்டிகளின் குறை என்னவென்றால், வேண்டிய பொருள் எப்போதும் அடிப்பெட்டியில்தான் இருக்கும். மழையில் நின்றுகொண்டு மூன்று பெட்டிகளை இறக்கித் தீப்பெட்டியைத் தேட நேர்ந்தால் யாருக்கும் இழுப்பறை ஆசை வந்துவிடும். அந்த ஆசை நியாயமானதே. ஒரு நாளில் பலமுறை திறக்க வேண்டியவை, உருவத்தில் சிறியவை, எடையில் கனத்தவை ஆகிய மூன்று குணங்களும் உள்ள பொருள்களுக்கு இழுப்பறையை மிஞ்சிய இடம் இல்லை. அடுப்பு, பாத்திரம், மளிகை, கைக்கருவிகள், காற்றடிக்கும் கம்ப்ரசர் ஆகியவை இந்த வகையில் சேரும். படுக்கை விரிப்பு, துணிமணி, மடக்கு நாற்காலி போன்ற லேசான, பருத்த பொருள்களை இழுப்பறையில் திணிப்பது, கிலோ கணக்கில் எஃகு செலவழித்துத் தலையணையைப் பாதுகாப்பதாகும்.

சிக்கிய வண்டியை மீட்கும் பட்டை, அதை மாட்டும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையம், மண்வெட்டி முதலியவற்றை நேர்த்தியாக ஒரு இழுப்பறையில் அடுக்கி வைப்பது பலருடைய பழக்கம். ஆனால் வண்டி சிக்குவது சொல்லிவைத்த இடத்தில் அல்ல. பின்புறம் மேட்டில் முட்டிக்கொண்டோ சேற்றில் புதைந்தோ நிற்கும்போது பின்கதவைத் திறக்க முடியாது. திறந்தாலும் இழுப்பறை வெளியே வர இடம் இருக்காது. அந்தச் சாமான்கள் பக்கக் கதவு வழியாக எட்டும் இடத்தில் ஒரு துணிப்பையில் கிடப்பதே மேல். முதலுதவிப் பெட்டிக்கும் தீயணைப்பானுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஒற்றையா, இரட்டையா?

இரட்டை இழுப்பறை பார்வைக்கு நிறைவானது. பின்புறம் முழுவதும் மட்டமான மேடை கிடைக்கும். அதன்மேல் ஒரு பக்கம் குளிர்பெட்டி, மறுபக்கம் பைகள். அந்த மேடையின் உயரந்தான் அதன் பலவீனமும். உயரமான வண்டிகளில் பின்தளமே தரையிலிருந்து 80 செ.மீ. அளவில் இருக்கும். அதன்மேல் 30 செ.மீ. இழுப்பறை, அதன்மேல் நகரும் தட்டு, அதன்மேல் 45 செ.மீ. குளிர்பெட்டி என்று அடுக்கினால், மூடியின் மட்டம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். நடுத்தர உயரமுள்ளவர் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. அடியில் கிடக்கும் பால் பையைக் கையால் துழாவித்தான் எடுக்க வேண்டும். இதற்கென்றே, வெளியே இழுத்ததும் கீழே சரிந்திறங்கும் தட்டுகள் விற்கிறார்கள். நல்ல தீர்வுதான், ஆனால் அத்தகைய தட்டு பலவற்றின் எடையே இருபது கிலோவுக்கு மேல். ஓர் உயரத்தை உண்டாக்கிவிட்டு, அதை இறக்க இன்னொரு இயந்திரத்தைச் சுமப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஒரு பக்கம் ஒற்றை இழுப்பறை, மறுபக்கம் தளத்தின்மேலேயே நகரும் தட்டில் குளிர்பெட்டி என்ற அமைப்பு இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுகிறது. எடை ஏறக்குறைய பாதியாகிறது, குளிர்பெட்டியின் மூடி கைக்கு எட்டுகிறது, சுமையின் ஈர்ப்பு மையமும் தாழ்ந்து நிற்கிறது. இழப்பது, உறங்குவதற்கு வசதியான மட்டமேடையை. ஆனால் அந்த மேடையில் உறங்கும் எண்ணத்தையும் அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வளர்ந்த ஒருவர் நிமிர்ந்து உட்காரத் தலைக்கு மேல் இடிக்காமல் 90 செ.மீ. தேவை; உட்கூரை ஒரு மீட்டர் சொச்சமே உள்ள வண்டியில் 30 செ.மீ. இழுப்பறையும் மெத்தையும் போட்ட பின் உட்கார முடியாது, ஊர்ந்துதான் நுழைய வேண்டும். உறங்குவதற்காகவே மேடை கட்டுபவர்கள் இழுப்பறையின் உயரத்தை 20 செ.மீ.க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

பின் இருக்கையைக் கழற்றிவிட்டு இருவர் மட்டும் நீண்ட நாள் பயணம் போவதானால் கணக்கு மாறும். இரண்டு ஆட்களின் எடையும் இருக்கையின் எடையும் திரும்பக் கிடைப்பதால், அங்கே இரட்டை இழுப்பறை தாராளமாகப் பொருந்தும். நால்வர் அமரும் குடும்ப வண்டிக்கு அதே அமைப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜிம்னி போன்ற குட்டை வண்டிகளில் பின் இருக்கை நிமிர்ந்திருக்கும்போது பின்னால் மிஞ்சுவது ஒரு முழ இடம். அங்கே இழுப்பறை வைப்பது இருக்கையை மடக்கி வைத்தே ஓட்டுபவர்களுக்கு மட்டுமே பொருள் தரும்.

எஃகு, அலுமினியம், பிளைவுட்

கட்டுமானப் பொருளைப் பற்றிய வாதங்களில் எண்ணைவிட உணர்ச்சியே அதிகம் கேட்கிறது. 1.5 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 11.8 கிலோ. 3 மி.மீ. அலுமினியத் தகடு 8.1 கிலோ. 12 மி.மீ. பிர்ச் பிளைவுட் ஏறக்குறைய 8.2 கிலோ. அதாவது, இலகுவானது என்று பெயர் வாங்கிய அலுமினியமும் கனமானது என்று பெயர் வாங்கிய பிளைவுட்டும் வழக்கமாகப் பயன்படும் தடிமனில் ஒரே எடைதான். மேலே சொன்ன ஒரு மீட்டர் இரட்டைக் கூட்டுக்கு ஐந்தரைச் சதுர மீட்டர் அளவுக்குப் பலகை தேவைப்படும், 12 மி.மீ. பிளைவுட்டில் அது 45 கிலோ வரும். "உறுதியாக இருக்கட்டும்" என்று 18 மி.மீ. எடுத்தால் அதே கூட்டின் எடை இன்னும் 20 கிலோவுக்கு மேல் கூடிவிடும். வீட்டில் செய்த இழுப்பறைகள் கனத்துப்போவதற்கு மரம் காரணமல்ல, தடிமன்தான் காரணம். சுமை நேரடியாக விழும் மேல்பலகைக்கும் சேனல் திருகப்படும் நிறுத்துப் பலகைக்கும் 12 மி.மீ. போட்டு, இழுப்பறையின் தளத்துக்கும் கூட்டின் பின்பலகைக்கும் 9 மி.மீ. போட்டால் போதும்.

பிளைவுட்டில் நீர் தாங்கும் பசையால் ஒட்டிய தரத்தையே எடுக்க வேண்டும். வெட்டிய ஓரங்களில் வார்னிஷ் தீட்டாவிட்டால் ஈரம் அங்கேதான் முதலில் ஏறும். மரத்துகள் அழுத்திய பலகைகள் வேண்டவே வேண்டாம். மண் சாலையின் இடைவிடாத அதிர்வில் அவற்றின் திருகுகள் மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒரு நாள் துளையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

ஆயத்தமாக விற்கும் எஃகுக் கூடுகளின் பலம் அவற்றின் துல்லியமும் மாடலுக்கேற்ற பொருத்தும் பட்டைகளும்தான். சக்கர வளைவை ஒட்டிய பக்க இறக்கைகள், வண்டியின் சொந்தத் துளைகளுக்கே பொருந்தும் பிடிகள் எல்லாம் கணக்கிட்டுச் செய்யப்பட்டிருக்கும். ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். வண்டியை விற்கும்போது கழற்றி எடுத்துக்கொண்டாலும், அடுத்த வண்டி வேறு மாடலானால் இறக்கைகளையும் பிடிகளையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும் என்பதை வாங்கும்போதே நினைவில் கொள்ளலாம். அலுமினியக் குழாய்ச் சட்டங்களை நட்டுப் போட்டு இணைக்கும் முறையில் பிழைத்தால் தளர்த்தித் திருத்திக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் இணைப்புகள் அதிகம், அதிர்வில் தளரும் இடங்களும் அதிகம். கடலோரத்தில் ஓடும் வண்டியில் அலுமினியத்தின்மேல் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை நேரடியாக வைத்தால், உப்பு ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். நடுவில் நைலான் வாஷர் போடுவது சிறு வேலை, மறக்கக் கூடாத வேலை. பிக்கப் வண்டிகளின் திறந்த தொட்டிக்கென்று பாலிஎத்திலீனில் வார்த்த இழுப்பறைகளும் கிடைக்கின்றன. மழையும் சேறும் நேரடியாகப் படும் இடத்தில் அவை பிளைவுட்டைவிட நிச்சயம் மேலானவை.

சேனலே உயிர்

இழுப்பறையின் தரம் பலகையில் இல்லை, அது ஓடும் தடத்தில் இருக்கிறது. சமையலறை அலமாரிகளில் போடும் 12.7 மி.மீ. தடிமன் டெலஸ்கோபிக் சேனல் வழக்கமாக ஒரு ஜோடிக்கு 45 கிலோ வரை தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு, அசையாத வீட்டில், மெதுவாகத் திறந்து மூடும் இழுப்பறைக்கு உரியது. வண்டியோ ஒவ்வொரு குழியிலும் அந்த எடையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வண்டிகளில் பரவலாகப் போடும் கனரகச் சேனல் 19 மி.மீ. தடிமனில் ஒரு ஜோடிக்கு 227 கிலோ வரை குறிக்கப்பட்டது. இழுப்பறைக்குள் 50 கிலோதான் வைக்கப்போகிறோம் என்றாலும் அதையே எடுப்பதற்குக் காரணம் இந்த அதிர்வுதான். இந்த அளவுகள் சேனலைப் பக்கவாட்டில் நிமிர்த்திப் பொருத்தினால் மட்டுமே செல்லும். இடம் மிச்சமாகிறது என்று அடியில் படுக்கவைத்துத் திருகினால் தாங்கும் எடை வெகுவாகக் குறைந்துவிடும்.

இதற்கு மாற்றாக இரண்டு முறைகள் உண்டு. பேரிங் உருளைகள் தடத்தில் ஓடும் அமைப்பில் இழுப்பறை முழுவதுமாக வெளியே வராது, பின்பகுதி கூட்டுக்குள்ளேயே நிற்கும். ஓடும்போது சத்தமும் கொஞ்சம் அதிகம். ஆனால் புழுதி புகுந்தால் துடைத்துவிட்டு மேலே போகலாம், உருளை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இரண்டாவது முறையில் பேரிங்கே கிடையாது. வழுவழுப்பான பாலிஎத்திலீன் பட்டைகளைக் கூட்டின் அடியில் ஒட்டி, இழுப்பறை அதன்மேல் வழுக்கி ஓடும்படி விட்டுவிடுவார்கள். அதன் உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.1 முதல் 0.2 வரை என்பதால், 40 கிலோ இழுப்பறையை இழுக்க 4 முதல் 8 கிலோ விசை போதும். கனரகச் சேனல் ஒரு மீட்டர் நீளத்தில் ஜோடிக்குப் பத்துக் கிலோவைத் தொடும். இரண்டு ஜோடிக்கு இருபது. அந்த இருபது கிலோவும் அகலத்தில் ஏழரை செ.மீ.யும் இந்த எளிய முறையில் அப்படியே மிச்சம். முக்கால் பங்குக்கு மேல் இழுத்தால் இழுப்பறை கவிழ்ந்து விழும் என்பதால் நிறுத்துக்கட்டை ஒன்று கண்டிப்பாக வேண்டும். எடை நெருக்கடியில் இருக்கும் சிறு வண்டிகளுக்கு இதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

எந்தத் தடமானாலும், மூடிய நிலையிலும் முழுவதும் திறந்த நிலையிலும் தானே பூட்டிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். முகாமிடும் இடம் சமதரையாக அமைவது அரிது. வண்டியின் முன்புறம் மேடாக நின்றால், தாழை விடுவித்த கணமே கனத்த இழுப்பறை முழங்காலை நோக்கிப் பாய்ந்து வரும். முன்புறம் தாழ்ந்து நின்றால், உள்ளே கைவிட்டிருக்கும்போது அது தானாக மூடி விரல்களை நசுக்கும். பூட்டும் சேனல்களில் சிறு நெம்பு ஒன்று இரு பக்கமும் முனையில் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இரு கட்டைவிரலாலும் அழுத்திக்கொண்டு, இழுப்பறையைத் தொடையால் முட்டித் தள்ளித்தான் மூட வேண்டும். கையில் கொதிக்கும் பாத்திரம் இருக்கும்போது இந்த வித்தை நடக்காது. இரு நெம்புகளையும் ஒரு கம்பியால் இணைத்து ஒரு கையால் விடுவிக்கும் அமைப்பு கிடைத்தால் கூடுதல் பணம் கொடுக்கத் தயங்க வேண்டாம். முகப்பில் பூட்டும் தாழுக்கு, திருப்பும்போது இழுப்பறையை உள்நோக்கி இறுக்கிப் பிடிக்கும் வகை நல்லது. கடகடவென்ற சத்தத்தில் பெரும்பங்கு அதனாலேயே அடங்கும்.

பொருத்துதல்

முதல் வேலை அளப்பது. சக்கர வளைவுகளுக்கு இடையேயுள்ள அகலத்தை மட்டும் அளந்து கூடு செய்தால் பொருத்தும் நாளில் திகைக்க நேரும், ஏனெனில் பின்கதவு வாயிலின் பிளாஸ்டிக் ஓரங்கள் உள் அகலத்தைவிட நெருங்கியிருப்பதும், கதவோரத்து விளிம்பு தளத்தைவிட உயர்ந்திருப்பதும் உண்டு. இழுப்பறை அந்த விளிம்புக்கு மேலாகவும் அந்த ஓரங்களுக்கு இடையிலும் தடையின்றி வெளியே வர வேண்டும். கனத்த அட்டையில் கூட்டின் முகப்பையும் பக்கத்தையும் வெட்டி உள்ளே வைத்துப் பார்த்து, கதவை மூடித் திறந்து, இருக்கையைச் சாய்த்து நிமிர்த்திச் சோதித்துவிட்டால் ஒரு பலகை வீணாவது தவிர்க்கப்படும்.

அந்த அட்டை உள்ளே இருக்கும்போதே, கூடு எதையெதை மறைக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும். ஜாக்கி வைத்திருக்கும் பக்கப் பொந்து, ஸ்டெப்னியைக் கீழே இறக்கும் கம்பி நுழையும் துளை, பின்பக்கக் குளிர்காற்றுத் துவாரம், சில வண்டிகளில் எரிபொருள் பம்புக்கு மேலுள்ள மூடி ஆகியவை மறைந்தால் பின்னால் தொல்லை. குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி பல வண்டிகளில் பின்தளத்திலோ இருக்கையின் முதுகிலோ இருக்கிறது. அதை மறைத்துவிட்டால், அந்த இருக்கையில் குழந்தையைப் பாதுகாப்பாக அமர்த்த முடியாது. இதற்கு மாற்று வழி காணாத எந்த இழுப்பறையையும், அது எவ்வளவு நேர்த்தியானதானாலும், குழந்தைகள் உள்ள வீட்டு வண்டிக்கு ஏற்கக் கூடாது.

கூட்டை வண்டியோடு பிணைப்பதில்தான் ஆட்களின் உயிர் இருக்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதும் வண்டி 60 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொண்டால், வேகம் குறையும் வீதம் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் 16 மடங்கு. நூறு கிலோ இழுப்பறை அந்த நொடியில் 1,600 கிலோ விசையோடு முன் இருக்கைகளை நோக்கிப் பாயப் பார்க்கும். எட்டு மி.மீ. விட்டமுள்ள 8.8 தர போல்ட் ஒன்று அறுபடாமல் 2 டன்னுக்கு மேல் இழுவையைத் தாங்கும் என்பதால், அத்தகைய நான்கு போல்ட் இருக்க போல்ட்டைப் பற்றிக் கவலை இல்லை. கிழிவது அவை பிடித்திருக்கும் ஒரு மி.மீ. தளத்தகடுதான். ஆகவே மூன்றாம் வரிசை இருக்கை பொருத்தப்படும் துளைகள் காலியாக இருந்தால் அவையே முதல் தேர்வு. ஆள் அமர்ந்த இருக்கையை மோதலில் தாங்குவதற்கென்றே அங்கே உலோகம் கனமாக வைக்கப்பட்டிருக்கிறது. சாமான் கட்டும் வளையங்களின் போல்ட் துளைகள் அடுத்த இடம். எல்லா வளையமும் ஒரே வலிமையுடையதல்ல. கையேட்டில் குறித்த அளவைப் பார்த்த பிறகே அதை நம்பலாம். புதிதாகத் துளையிடுவது கடைசி வழி. அப்போது தளத்துக்கு அடியில் அகலமான எஃகுத் தகட்டை வைத்தே நட்டை இறுக்க வேண்டும். துளையின் ஓரத்தில் துருத்தடுப்புப் பூச்சு இட வேண்டும். துளைக் கருவியை எடுப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பித் தொகுப்பு மூன்றும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் ஓடுகின்றன. பக்கத் தூண்களில் துளையிடவே கூடாது. மோதலின்போது பக்கச் சன்னல்களை மறைத்து விரியும் திரைக் காற்றுப்பையும் அதன் கம்பிகளும் அங்கே இருக்கலாம்.

அறுபது கிலோ சுமையோடு இழுப்பறை ஒரு மீட்டர் வெளியே நீண்டு நிற்கும்போது, கூட்டின் பின்விளிம்பு தளத்தை அழுத்துகிறது, முன்விளிம்போ மேலே எழப் பார்க்கிறது. அந்த எழும்பலைத் தடுப்பவை முன் இருக்கைப் பக்கமுள்ள இரண்டு போல்ட்கள். கை எட்டாத இடம் என்பதால் அவற்றைத்தான் பலரும் அரைகுறையாக இறுக்கிவிட்டு வருகிறார்கள். இழுப்பறையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சரியான நீளமுள்ள ஸ்பானரோடு போய் அந்த இரண்டையும் முதலில் முடித்துவிட்டால் நல்லது.

கூட்டைச் சமதளத்தில் வைத்துச் சோதிப்பதோடு நிறுத்தாமல், வண்டிக்குள் இறுக்கிய பிறகும் மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். வண்டித் தளம் கண்ணுக்குத் தெரியாமல் கோணியிருக்கும். போல்ட்டை இறுக்க இறுக்கக் கூடும் அதோடு கோணும். இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துவராவிட்டால், தளர்த்தி, தாழ்ந்த மூலையில் ரப்பர்த் துண்டோ வாஷரோ கொடுத்து மறுபடி இறுக்கலாம். சேனல் இடைவெளியில் ஒரு மி.மீ. குறைந்தாலே இழுப்பறை முரண்டு பிடிக்கும். அதனால் இழுப்பறையை இரண்டு மி.மீ. குறுக்கிச் செய்துகொண்டு, மீதியை மெல்லிய தகட்டுத் துண்டுகளால் நிரப்புவது அனுபவமுள்ள தச்சர்களின் வழி. பிக்கப் தொட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கரடுமுரடான பாதையில் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முறுக்கிக்கொள்ளும்போது தொட்டியும் அசையும். இறுக்கமான கூடு அந்த முறுக்கை வாங்கிச் சேனலைச் சிக்கவைக்கும் என்பதால், அங்கே பிடிகளுக்கு அடியில் ரப்பர் மெத்தை அவசியம்.

மேல்தளத்தில் வைக்கும் சாமான்களுக்குத் தனியே தடுப்பு வேண்டும். இழுப்பறை போட்ட வண்டியில் சாமான் 30 செ.மீ. உயரத்திலிருந்து புறப்படுகிறது, அதாவது இருக்கை முதுகுக்கு மேலாக, தலைகளுக்கு நேராக. கம்பி வலைத் தடுப்பு இல்லாவிட்டால், குறைந்தது ஒவ்வொரு பொருளையும் மேல்பலகையின் வளையங்களில் பட்டையால் கட்டியே ஆக வேண்டும். அந்த வளையங்களும் பலகையில் திருகப்பட்டவையாக இல்லாமல், அதைத் துளைத்துச் சட்டத்தில் போல்ட் போட்டவையாக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும், பயணத்துக்கு ஏற்றுவது போலவே தண்ணீரும் எரிபொருளும் ஆட்களும் சேர்த்து வண்டியை எடைமேடைக்கு ஓட்டிப்போய், மொத்த எடையையும், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்திப் பின் அச்சின் எடையையும் எடுத்துத் தகட்டோடு ஒப்பிட வேண்டும். பின் அச்சு வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், தண்ணீர்க் கலனையும் கருவிப் பெட்டியையும் முன் இருக்கைக்குப் பின்னால், தளத்தோடு தளமாக நகர்த்தினாலே கணிசமாகக் குறையும். முதல் சில நூறு கிலோமீட்டர் மண் சாலை ஓடிய பின் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். சேனலுக்கு கிரீஸ் தடவுவது கெடுதல். புழுதி அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். துணியால் துடைத்து, காற்றடித்து, உலர்வகை சிலிக்கான் தெளிப்பு மட்டும் போட்டால் போதும்.